சான்றிதழில் குத்திய முத்திரை எதற்குச் சாட்சி? இணையவழிப் பாடநெறிகளின் தரம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஹட்டன் டவுனில் நண்பர் ஒருவர் போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அங்கே அரைமணி நேரம் உட்காருவது என் வழக்கம். போன மாதம் ஒரு மழை நாளில், முன்பு என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி ஃபைலோடு வந்தாள். உயர்தரம் எழுதி மூன்று வருடம். கொஞ்ச காலம் கார்மென்ட்டில் தையல் மெஷினில் இருந்தாள், இப்போது வீட்டில். ஃபைலுக்குள் 11 சான்றிதழ்கள். எல்லாம் ஃபோனில் படித்து எடுத்தவை. வேலைக்கு அப்ளிகேஷன் போடுவதால் அத்தனையையும் லேமினேட் பண்ண வேண்டுமாம்.

நண்பர் மெஷினைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது என் பக்கம் திரும்பி, "சேர், இதுல எதெது செல்லும்?" என்று கேட்டாள்.

இணையவழிப் பாடநெறிகளைச் சரிபார்க்கும் வேலையைச் சில வருடங்களாக நானும் பகுதிநேரமாகச் செய்து வருகிறேன். அப்படியிருந்தும் சட்டென்று பதில் வரவில்லை. ஆயிரம் ரூபாத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோலச் சான்றிதழைப் பிடித்துப் பார்த்து, செல்லும், செல்லாது என்று சொல்லிவிட முடியாது. அவள் கேட்டது ஒரு கேள்வியாகத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருந்தன. விளம்பரக்காரர்கள் பிழைப்பதும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துத்தான். "சர்வதேசத் தரம்", "அங்கீகாரம் பெற்றது", "டிப்ளோமா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். கேட்கிறவருக்கு மூன்றும் ஒரே பாராட்டாகக் காதில் விழுகிறது.

அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க நமக்குத் தெரிந்த சாமான் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

தேயிலைப் பெட்டியில் எழுதியிருப்பது

பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ) என்றால் உசத்தி, டஸ்ட் என்றால் மட்டம் என்று தோட்டத்தில் பிறந்த நம்மிலேயே பலர் நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பெயர்கள் முதலில் சொல்வது இலைத் துணுக்கு எவ்வளவு பெரியது என்பதை. ஃபெக்டரியில் சலிக்கும்போது எந்தச் சல்லடையில் எது நின்றதோ அதற்கு அந்தப் பெயர். இளங்கொழுந்தில் செய்த அருமையான டஸ்டும் உண்டு, முற்றல் இலையில் செய்த பி.ஓ.பி.யும் உண்டு.

சுவை எப்படி என்று அறிய வேறு வழி வேண்டும். அதற்காகத்தான் ருசி பார்ப்பவர்கள் வரிசையாகக் கோப்பை வைத்து உறிஞ்சித் துப்புகிறார்கள். ருசி பார்க்கத் தேயிலையை எப்படி ஊற்ற வேண்டும் என்பதற்கே ஒரு சர்வதேச நியமம் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 3103 என்று பெயர், 1980இல் வந்தது. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊற வேண்டும். நம் வீட்டில் யாரும் இப்படித் தேத்தண்ணி ஊற்றுவதில்லை, ஊற்றினால் குடிக்கவும் மாட்டோம். குடிக்க நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த நியமம் எழுதப்படவில்லை. இருபது தோட்டத்துத் தேயிலையையும் ஒரே மாதிரி ஊற்றினால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும் என்பதற்காக எழுதப்பட்டது.

மூன்றாவது, பெட்டியின் மூலையில் வாளேந்திய சிங்கம். அது இலங்கைத் தேயிலைச் சபையின் இலச்சினை. உள்ளே இருப்பது கலப்பில்லாத இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது, அதற்குச் சபை பொறுப்பு என்று அது சொல்கிறது. உங்கள் நாக்குக்குப் பிடிக்குமா என்பது சிங்கத்தின் வேலை இல்லை.

சான்றிதழிலும் இந்த மூன்றுமே இருக்கின்றன. சிங்கத்தின் இடத்தில் நிறுவன அங்கீகாரம்: இதைக் கொடுத்தது யார், கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா? சல்லடைப் பெயரின் இடத்தில் தகைமை மட்டம்: படிப்பு எந்தப் படியில் இருக்கிறது, எவ்வளவு கனம்? கோப்பையின் இடத்தில் பாடநெறியின் தரம்: படித்தவருக்கு உண்மையில் ஏதாவது வந்ததா? உவமை ஓரிடத்தில் இடிக்கும். தேயிலைப் பெயர்களில் மேல் கீழ் கிடையாது, தகைமை மட்டங்களில் உண்டு. மற்றபடி சரியாகப் பொருந்துகிறது.

கொடுத்தது யார்?

நம் நாட்டில் பட்டம் என்றால் முதலில் வரும் பெயர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் இயங்குவது. அரச பல்கலைக்கழகம் அல்லாத ஒரு நிறுவனம் பட்டம் வழங்க வேண்டுமென்றால், அதே சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் அதற்கு அந்த உரிமை கிடைத்திருக்க வேண்டும். தொழிற்கல்விப் பக்கம் பார்த்தால், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. தொழிற்பயிற்சி நிறுவனங்கள் அங்கே பதிய வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் இதுதான். நிறுவனத்தைப் பதிவது வேறு, அந்த நிறுவனத்தின் குறிப்பிட்ட பாடநெறிக்கு அங்கீகாரம் பெறுவது வேறு. ஒரு நிறுவனம் பத்துப் பாடநெறி நடத்தி, இரண்டுக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கியிருக்கலாம். விளம்பரத்தில் பதிவு இலக்கத்தைப் பெரிதாகப் போடுவார்கள். பார்க்கிறவர் பத்துக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்வார்.

வியாபாரப் பதிவு அதைவிடக் கீழே. கடை திறக்க வாங்கும் பி.ஆர். எதுவோ அதுதான் அது. லண்டனில் பதிந்த கம்பனி என்று சொன்னாலும் கதை மாறாது, கம்பனி பதிவது கல்விக்குக் கிடைத்த அங்கீகாரம் ஆகாது. ஐ.எஸ்.ஓ. 9001 சான்றும் இப்படித்தான். நிறுவனத்தின் நிர்வாகம் ஒழுங்கான நடைமுறையில் நடக்கிறது என்று அது சொல்லும், பாடத்துக்குள் எட்டிப் பார்க்காது.

அப்புறம் இன்னொரு தந்திரம். 'இன்டர்நேஷனல்', 'கவுன்சில்' என்றெல்லாம் பெயரில் வருகிற ஓர் அமைப்பு அங்கீகாரம் கொடுத்திருப்பதாகச் சான்றிதழில் இருக்கும். அந்த அமைப்பை நடத்துவதும் பாடநெறியை விற்பவர்களாகவே இருக்கலாம். ஆகவே ஒரு கேள்வி கூடக் கேட்க வேண்டும்: அங்கீகாரம் கொடுத்தவருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? இந்தக் கேள்வி கடைசியில் ஓர் அரசாங்கச் சட்டத்திலோ அந்தந்த நாட்டுக் கல்வி அதிகாரசபையிலோ போய் முட்ட வேண்டும். முட்டாமல் வட்டம் சுற்றினால் சந்தேகப்படுங்கள்.

எவ்வளவு கனம்?

கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது உடனே புரியும். சாக்கைத் தொங்கவிட்டதும் முள் ஓர் எண்ணைக் காட்டும். சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளானால் ஈரத்துக்கு ஒரு கழிவு. பேரில் விழுவது மிச்சம்தான். கழிவு நியாயமா என்ற சண்டை நம் அப்பாத்தா காலத்திலிருந்து நடக்கிறது, அது வேறு கதை.

படிப்புக்கும் ஒரு நிறுவை இருக்கிறது, அதற்குப் பெயர் கிரெடிட். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை கேட்டது மட்டுமில்லை, வீட்டில் வாசித்தது, ஒப்படை எழுதியது, பரீட்சைக்குத் தயாரானது எல்லாம் அந்த 50க்குள் அடங்கும். ஒரு வருட முழுநேரப் படிப்பு 30 கிரெடிட், அதாவது 1,500 மணித்தியாலம். மூன்று வருடப் பொதுப் பட்டம் 90 கிரெடிட். சட்டகத்தில் மொத்தம் 12 படிகள், அந்தப் பட்டம் இருப்பது 5ஆம் படியில், கலாநிதிப் பட்டம் 12இல். தொழிற்கல்விக்கென்று தேசிய தொழிற் தகைமை, எல்லோரும் சொல்வதுபோல் என்.வி.கியூ., 7 மட்டங்களோடு தனியாக இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் ஃபைலில் 'டிப்ளோமா' என்று தங்க எழுத்தில் அச்சடித்த ஒன்று இருந்தது. எத்தனை மணித்தியாலம் படித்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஆறு மணித்தியாலம் சேர், ரெண்டு நாள்ல முடிச்சேன்" என்றாள். ஆறை ஐம்பதால் வகுத்தால் 0.12 கிரெடிட். ஆறு மணித்தியாலத்தில் ஒன்றும் கற்க முடியாது என்று நான் சொல்லவில்லை. எக்செல்லில் ஒரு வேலையை நன்றாகவே கற்கலாம். ஆனால் அதன் தலையில் டிப்ளோமா என்று எழுதினால், நாலு கிலோச் சாக்கில் நாற்பது என்று சோக்கில் கிறுக்கியதுபோல.

இதுவரை பார்த்த இரண்டும் பாடநெறிக்கு வெளியே நின்று பார்த்தவை. கொடுத்தவருக்கு உரிமை உண்டா, கொடுத்ததன் கனம் என்ன. இரண்டும் சரியாக இருந்தும் பாடம் மோசமாக இருக்கலாம். இரண்டும் இல்லாமல், யாரோ ஒரு நல்ல ஆசிரியர் இலவசமாகப் போட்ட பாடம் பிரமாதமாகவும் இருக்கலாம். அதனால் கோப்பைக்கு வர வேண்டும்.

பாடம் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆசிரியர் வழிகாட்டியைப் பார்த்தவர்களுக்கு கற்றற்பேறு என்ற சொல் பழக்கம். படித்து முடித்ததும் மாணவர் எதைச் செய்யக் கூடியவராக இருப்பார் என்று முன்கூட்டியே சொல்லும் வாக்கியம் அது. 'ஆங்கிலம் பற்றி அறிவார்' என்பது கற்றற்பேறு ஆகாது, வெறும் ஆசை. 'தொலைபேசியில் வரும் முறைப்பாட்டைக் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார்' என்பதுதான் கற்றற்பேறு. செய்து காட்டச் சொல்லலாம், செய்தாரா என்று பார்க்கலாம்.

ஒரு பாடநெறி நல்லதா என்பதன் மூலவேர் மூன்று சாமான்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில் இருக்கிறது: கற்றற்பேறு, அதை அடைய மாணவர் செய்யும் பயிற்சி, அடைந்தாரா என்று பார்க்கும் மதிப்பீடு. இந்தப் பொருத்தத்துக்கு நேரிசைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கல்வியாளர் ஜோன் பிக்ஸ் 1990களில் இதைத் தெளிவாக எழுதியதிலிருந்து உலகம் முழுக்கப் பாடத்திட்டம் வகுப்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நம் ஆட்களுக்குப் பேர்தான் புதுசு. புதிதாக மலைக்கு வரும் பிள்ளையைக் கைக்கெட்டும் தூரத்தில் அனுபவசாலி ஒருத்தியின் நிரைக்குப் பக்கத்து நிரையில் விடுவார்கள். அவளைப் பார்த்து இவள் கிள்ளுவாள். மதியம் கணக்கப்பிள்ளை வந்து பார்ப்பது கூடையைத்தான்: இரண்டு இலையும் மொட்டுமாக இருக்கிறதா, முற்றலும் காம்புமாக இருக்கிறதா? கொழுந்து எடுப்பது எப்படி என்று நாலு விடையில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லி யாரும் பரீட்சை வைத்ததில்லை.

நான் சரிபார்த்த ஒரு பாடநெறியைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி. கற்றற்பேறு: 'வாடிக்கையாளரோடு தயக்கமின்றி உரையாடுவார்'. பாடம்: 24 வீடியோ. படப்பிடிப்பு சினிமாத் தரம். ஆசிரியை அழகாகப் பேசினார், உதாரணமெல்லாம் அருமை. கடைசியில் பரீட்சை: 20 பல்தேர்வு வினா. இறந்தகால வினைச்சொல் எது, வெற்றிடத்தில் வரும் சொல் எது, இப்படி. நான் ஒரு வீடியோவும் பார்க்காமல் நேரே பரீட்சைக்குப் போனேன். 18 சரி. சான்றிதழ் வந்து விழுந்தது, 'சரளமாக உரையாடுபவர்' என்று.

ஆரம்பத்திலிருந்து முடிவு வரை மாணவர் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. பேறு ஒரு பக்கம், பயிற்சி ஒரு பக்கம், மதிப்பீடு இன்னொரு பக்கம். சரிசெய்ய நாங்கள் சொன்ன யோசனை சின்னது: இரண்டு நிமிடம் பேசிக் குரலைப் பதிந்து அனுப்பட்டும், ஆசிரியை கேட்டு இரண்டு வரி கருத்துச் சொல்லட்டும், திருத்தி மறுபடி அனுப்பட்டும். வீடியோ பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை. அதற்கு ஆசிரியையின் நேரம் வேண்டும், நேரம் என்றால் காசு. நிறுவனம் தயங்கிய இடமும் அதுதான்.

மதிப்பிடுபவர்கள் என்ன செய்கிறார்கள்?

அந்தப் பாடநெறிக்குச் சும்மா ஒரு சராசரிப் புள்ளி போட்டிருந்தால் நல்ல புள்ளி கிடைத்திருக்கும். வீடியோ, வடிவமைப்பு, பாவனைக்கு இலகு, எல்லாவற்றிலும் முழுப்புள்ளி. பரீட்சை ஒன்றுதான் சொதப்பல். இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான் தர அளவுகோல் என்ற ஒன்றை எழுதி வைத்துக்கொள்கிறார்கள். எதெதைப் பார்ப்பது, எதற்கு எத்தனை புள்ளி, எது இல்லாவிட்டால் மற்றவை எப்படி இருந்தாலும் தேறாது என்று முன்கூட்டியே எழுதிய பட்டியல் அது. ருசி பார்ப்பவரின் 2 கிராமும் 6 நிமிடமும் செய்யும் வேலையை இங்கே இது செய்கிறது.

பரவலாகத் தெரிந்த ஓர் உதாரணம், இணையவழிப் பாடநெறிகளை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பான குவாலிட்டி மேட்டர்ஸ். 2003இல் மேரிலண்ட் மாநிலக் கல்லூரிகளின் கூட்டுத் திட்டமாகத் தொடங்கியது. அதன் அளவுகோலில் எட்டுப் பெரிய தலைப்புகள்: பாடநெறி அறிமுகம், கற்றற்பேறு, மதிப்பீடு, பாடப்பொருள், பயிற்சிகள், தொழில்நுட்பம், மாணவருக்கான உதவி, எல்லோரும் அணுகக்கூடியதா என்பது. ஒவ்வொன்றின் கீழும் பல சிறு நியமங்கள், அவற்றுக்கு 1, 2 அல்லது 3 புள்ளி. பயிற்சி பெற்ற மூன்று மீளாய்வாளர்கள் மாணவர்போல உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். தேறுவதற்கு மொத்தத்தில் 85 வீதம் வேண்டும். அதோடு 3 புள்ளி நியமங்களில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. எனக்கு இதில் பிடித்தது இந்த இரண்டாவது நிபந்தனை. என்னதான் பளபளப்பாக வீடியோ எடுத்தாலும், பேறுக்கும் பரீட்சைக்கும் சம்பந்தமில்லை என்றால் கதவு திறக்காது. தவறிவிட்டால் திருத்திக்கொண்டு வரலாம், முகத்திலடித்து அனுப்புவதில்லை.

நம் பல்கலைக்கழகங்களிலும் மீளாய்வு நடக்கிறது. மானியங்கள் ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட கைநூலின்படி, முதலில் அந்தத் துறையே தன்னைப் பற்றி ஒரு சுயமதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும், சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். பிறகு வெளி ஆட்கள் வந்து சரிபார்ப்பார்கள். முடிவு ஏ முதல் டி வரை. அதற்கு முன்பே, 2009இல், கனடாவிலிருந்து இயங்கும் பொதுநலவாயக் கற்றல் அமைப்பு நம் நாட்டு அமைப்புகளோடு சேர்ந்து தொலைக்கல்விக்கென்றே ஒரு தர உறுதிப்பாட்டுக் கையேட்டைக் கொண்டுவந்தது.

இந்த வேலை எதைக் காணாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான அளவுகோல்கள் பார்ப்பது பாடநெறியின் வடிவமைப்பை. ஆசிரியர் கேள்விக்கு மூன்று நாளில் பதில் சொல்வார் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்போம். ஆறு மாதம் கழித்து அவர் பதில் சொல்கிறாரா என்பது நமக்குத் தெரியாது. அதனால்தான் உருப்படியான தரச்சான்றுகளுக்குக் காலக்கெடு உண்டு. தேதி இல்லாத தரச்சான்றை நான் நம்புவதில்லை.

அப்படியானால் நட்சத்திரங்கள்?

"நாலே முக்கால் ஸ்டார் சேர்" என்பாள் அந்தப் பிள்ளை. பாடநெறியைப் பாவித்தவர்கள் கொடுப்பதுதானே, அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

டொனால்ட் கேர்க்பட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இல் பயிற்சிகளை மதிப்பிட நாலு படிகள் சொன்னார். பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் கிடைத்ததா. நட்சத்திரம் முதல் படியோடு நின்றுவிடுகிறது.

பிடித்தது என்றால் கற்றதாகத்தானே அர்த்தம் என்று தோன்றும். ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதையே சோதித்தது. ஒரே பாடம், இரண்டு முறை. ஒரு கூட்டம் சரளமான விரிவுரையைக் கேட்டது. இன்னொரு கூட்டம் சிறு குழுக்களாகக் கணக்குகளோடு மல்லுக்கட்டியது. பரீட்சையில் கூடுதலாகக் கற்றிருந்தவர்கள் மல்லுக்கட்டியவர்கள். 'நிறையக் கற்றோம்' என்று சொன்னதோ விரிவுரை கேட்டவர்கள். தடுமாறித் தடுமாறிக் கற்கும்போது ஒன்றும் வரவில்லை என்றுதான் தோன்றும். வழுக்கிக்கொண்டு போகும் விரிவுரையில் எல்லாம் புரிந்தமாதிரி இருக்கும். என் வகுப்பிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கரும்பலகையில் நான் கணக்குப் போடும்போது எல்லாத் தலையும் ஆடும், கொப்பியில் போடச் சொன்னதும் மௌனம்.

பாடநெறியை எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண்ணையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். யாரும் சேரக்கூடிய இலவசப் பாடநெறிகளில் பத்துப் பதினைந்து வீதத்துக்கும் குறைவானவர்கள் முடிப்பதே சாதாரணம். எட்டிப் பார்க்க வந்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்வதால் அப்படி. மாறாக, நூற்றுக்கு நூறு பேர் முடித்தால் எனக்கு நான் எழுதிய அந்த 18 சரி ஞாபகம் வரும்.

பரீட்சை எழுதியது யார்?

வீட்டிலிருந்து எழுதும் பரீட்சையில் அண்ணன் எழுதினானா தங்கச்சி எழுதினாளா என்று மெஷினுக்குத் தெரியாது. அதனால் கனமான சான்றிதழ் தருபவர்கள் கண்காணிப்போடு பரீட்சை வைக்கிறார்கள். கெமராவில் பார்ப்பார்கள், அல்லது நிலையத்துக்கு வரச் சொல்வார்கள். இந்திய ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். என்ற இணையவழிப் பாடத் திட்டம் ஓர் உதாரணம். பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, பரீட்சை நிலையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

சான்றிதழின் மூலையில் இருக்கும் கியூஆர் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஸ்கேன் பண்ணினால் 'இது உண்மையான சான்றிதழ்' என்று பச்சை நிறத்தில் வரும். அந்த நிறுவனம் அந்தப் பெயருக்கு அதைக் கொடுத்தது உண்மை, போலி அச்சு இல்லை. அவ்வளவுதான் அந்தப் பச்சை.

மேட்டில் நின்று பார்க்கும் பாடம்

குவாலிட்டி மேட்டர்ஸ் அளவுகோலின் எட்டாவது தலைப்பு, எல்லோரும் அணுகக்கூடியதா என்பது, பல மீளாய்வாளர்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம். கண் தெரியாதவர், காது கேளாதவர் பாடத்தைப் பாவிக்க முடியுமா என்பது அதன் முதல் கேள்வி. அது கட்டாயம் வேண்டியது. மலைநாட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது அதோடு இன்னும் சில சேர்ந்துகொள்கின்றன.

இந்தப் பிள்ளையின் லயத்துக்குள் சிக்னல் இல்லை. கோயிலுக்கு மேலே ரோட்டு வளைவில் இருக்கிறது. அங்கே கல்லில் உட்கார்ந்து, மழைக்குக் குடையைத் தோளில் சாத்திக்கொண்டு பதினொரு பாடநெறியையும் முடித்திருக்கிறாள். ஒரு மணித்தியால வீடியோவைத் தெளிவான படமாகப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு ஜிபி டேட்டா போய்விடும். ஆகவே இங்கே தரம் என்றால் இதையும் கேட்க வேண்டும்: பாடத்தைத் தரவிறக்கி வைத்து வீட்டில் பார்க்கலாமா? வீடியோவில் சொன்னது எழுத்திலும் இருக்கிறதா? சின்ன ஃபோன் திரையில் பரீட்சைப் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறதா? இடையில் சிக்னல் போனால் எழுதிய விடை மிஞ்சுமா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? தமிழில் என்று விளம்பரம் செய்த பாடத்தில், தானியங்கித் தமிழ் வரிகளை ஒரு மனிதர் வாசித்துப் பார்த்தாரா? நான் பார்த்த ஒன்றில் 'கிளை அலுவலகம்' என்பது மரக்கிளையாகவே வந்தது.

இதையெல்லாம் வசதிக் குறைபாடு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. என் கணக்கில் இவை பாடநெறியின் தரத்துக்குள் அடங்கியவை. யாருக்காக என்று சொல்லி விற்கிறார்களோ அவர்களால் பாவிக்க முடியாத பாடத்துக்கு 85 வீதம் போட எனக்குக் கை வராது.

அந்த 11

கடை மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். ஏழு, முழுக்க வீடியோ பார்த்ததற்கான சான்று. அவற்றில் இரண்டில் நல்ல பாடம் இருந்திருக்கிறது. அவள் எக்செல்லில் சம்பளப் பட்டியல் போட்டுக் காட்டினாள், பிழையே இல்லை. அந்த இரண்டையும் அப்ளிகேஷனில் ஒரு வரியாக எழுதினால் போதும், செய்த ஃபைலை யூஎஸ்பியில் கொண்டு போ என்றேன். தங்க எழுத்து டிப்ளோமாவைக் கொடுத்த நிறுவனத்தின் பெயரைத் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவுப் பட்டியலில் தேடினோம், வரவில்லை. இரண்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒரு தளத்தில் போட்ட இலவசப் பாடங்கள். பெயர் பெரியது, ஆனால் பட்டத்தில் சேரும் கிரெடிட் இல்லை என்று கீழே பொடி எழுத்தில் அவர்களே எழுதியிருந்தார்கள். கடைசி ஒன்று மட்டும் பதிந்த நிறுவனம், கண்காணித்த பரீட்சை, கிரெடிட் எல்லாம் உள்ளது. அதை லேமினேட் பண்ண வேண்டாம், பிறகு யாராவது பின்பக்கம் சீல் குத்தக் கேட்டால் முடியாது என்று நண்பர் எடுத்து வைத்துவிட்டார்.

"கார்மென்ட்டில் எத்தனை வருடம் இருந்தாய்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் சேர். அதுக்குத்தான் ஒரு சான்றிதழும் இல்ல."

முன்கற்றலை அங்கீகரித்தல் என்று என்.வி.கியூ.வில் ஒரு வழி இருக்கிறது. வேலை செய்தே தொழில் பழகியவர்கள் வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டித் தகைமை பெறலாம். தையல் மெஷின் வேலைக்கும் அது உண்டு. சொன்னேன்.

"வீடியோ பாக்கணுமா சேர்?"

"இல்லை. தைத்துக் காட்டணும்."

நண்பர் லேமினேட் மெஷினின் சுவிட்சை அணைத்தார்.